பூத்துக் கொட்டும் சீத்தா, இலை கருகும் முள்ளுச்சீத்தா: உப்புவெளி வளவுக்கு என்ன வைக்கலாம்?

உங்கள் கேள்வியில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. உப்புவெளியில் 12 பேர்ச் காணி, மணல் தரை. முன்பிருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன சீத்தா மரம் வருடா வருடம் பூத்துக் கொட்டுகிறது, காய் பிடிப்பதில்லை. நீங்களே நட்ட முள்ளுச்சீத்தாவின் இலையோரம் கருகுகிறது. காணொளிகளில் பார்த்த, சீத்தாக் குடும்பத்து வெளிநாட்டு மரங்களான செரிமோயா, ரொலினியா, அவற்றோடு ரம்புட்டான், மங்குஸ்தான் போன்றவற்றை விதையாகவோ கன்றாகவோ வரவழைத்து வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில், முள்ளுச்சீத்தா இலையை அவித்து அம்மாவுக்குக் குடிக்கக் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியைத் தவிர்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த வளவில் எந்தப் பழமரம் நின்று பிடிக்கும், அதற்கு என்ன பாடு பட வேண்டும்?

நான் இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் விவசாயப் போதனாசிரியராக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பலகாமத்து வயலோர வளவுகள், கன்னியாப் பக்கத்துச் செம்மண் தோட்டங்கள், நிலாவெளி, குச்சவெளிக் கடற்கரை மணல், மூதூர்ப் பக்கத்து ஆற்று வண்டல் என்று பலவகை மண்ணிலும் வீட்டுத்தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் காணியை நான் பார்த்ததில்லை, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்ததுமில்லை. அதனால் எல்லோருக்கும் பொருந்துகிற உறுதியான விஷயம் எது, நீங்களே சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியது எது என்பதைப் பிரித்தே எழுதுகிறேன். சீத்தா என்று நான் சொல்வது புடைப்புப் புடைப்பாக இருக்கும், அன்னமுன்னா என்றும் சொல்கிற பழத்தை. ராமசீத்தா தோல் வழவழப்பானது. முள்ளுச்சீத்தா பச்சையாக, பெரிதாக, மெல்லிய முள்ளோடு இருப்பது.

மரத்தின் பெயரைப் பற்றி யோசிக்க முன்னர் உங்கள் வளவில் இரண்டு இடங்களைக் குறித்து வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் மழைத் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது? ஆனி, ஆடியில் கச்சான் காற்று எந்தப் பக்கத்தால் வளவுக்குள் நுழைகிறது? திருகோணமலையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஒரு பழமரத்துக்கு அது குறைவான மழையே இல்லை. ஆனால் அதில் பாதிக்கும் மேல் ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் கொஞ்சம் கிடைக்கும். அதன் பிறகு ஆவணி, புரட்டாதி வரைக்கும் வானம் வெளித்துக் கிடக்க, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் மலைநாட்டில் தன் ஈரத்தை எல்லாம் கொட்டிவிட்டு இங்கே வெறும் சூட்டோடு வீசும். ஆகவே இங்கே ஒரு மரம் வேர் அழுகும் மாரியையும் குருத்துக் காயும் கோடையையும் ஒரே வருடத்துக்குள் தாங்க வேண்டும். கேரளத்திலோ புளோரிடாவிலோ இருந்து வரும் காணொளிகள் இந்த இரண்டையும் பற்றிப் பேசாது. என் அனுபவத்தில் இங்கே வீட்டு மரங்கள் தவறிப்போவது பெரும்பாலும் பசளைக் குறைவால் இல்லை. மாரியில் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் நட்டிருப்பார்கள், அல்லது கச்சான் நேராக அடிக்கிற முகத்தில் மறைப்பில்லாமல் விட்டிருப்பார்கள்.

இனி உங்கள் சீத்தாவுக்கு வருகிறேன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மரத்துக்கு நோய் இல்லை, பூவுக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை. காலையில் மரத்தடிக்குப் போய் ஒரு பூவைக் கையில் ஏந்திப் பாருங்கள். தடித்த சதையுள்ள மூன்று இதழ்கள், பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், தலைகீழாகத் தொங்கும். இதழ் நுனிகள் இலேசாகப் பிரிந்திருக்கும் பூவை விரலால் மெல்ல விரித்தால், உள்ளே நடுவில் ஒரு சின்னக் கூம்பு தெரியும். அது ஈரமாக, பிசுபிசுப்பாக மினுங்கினால் அந்தப் பூ பெண் நிலையில் இருக்கிறது. இன்னொரு பூவில் இதழ்கள் நன்றாக விரிந்து, கூம்பின் பளபளப்பு போய், அதைச் சுற்றியுள்ள மகரந்தக் கேசரங்கள் தளர்ந்து பொலபொலவென்று நிற்கும். அதைக் காகிதத்தின்மேல் தட்டினால் வெளிறிய தூளும் கேசரங்களும் கொட்டும். அது ஆண் நிலை. ஒரே பூ முதலில் பெண்ணாக இருந்து, பிறகு ஆணாக மாறுகிறது. தூள் வெளிவரும் நேரத்தில் அதே பூவின் கூம்பு காய்ந்து போயிருக்கும். ஆகவே ஒரு பூ தன்னைத் தானே கருக்கட்ட வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ஒரே மரத்தில் இன்றைக்கு ஆணாக இருக்கும் பூவின் தூளை இன்றைக்குப் பெண்ணாக இருக்கும் பூவுக்குக் கொடுத்தால் காய் பிடிக்கும். இரண்டாவது மரம் தேவையில்லை.

இயற்கையில் இந்த வேலையைச் செய்வது தேனீ இல்லை. புளித்த பழ வாசனைக்கு வருகிற, எள்ளளவு பருமனான சின்ன வண்டுகள்தான் இதழ்களுக்குள் புகுந்து செய்கின்றன. பளிச்சென்று கூட்டிப் பெருக்கி, இலை குப்பையை எரித்து, வெறும் மணலாக வைத்திருக்கும் முற்றத்தில் அந்த வண்டுகளுக்கு இருக்க இடமில்லை. மரத்தடியில் சருகை விட்டுவையுங்கள், பூக்கும் காலத்தில் கனிந்து கெட்ட வாழைப்பழத்தையோ பப்பாசித் தோலையோ அங்கே போடுங்கள். வண்டுகள் வரத் தொடங்கும். அதற்காகப் பழ ஈ பெருகும் அளவுக்குக் குவிக்க வேண்டாம். கொஞ்சம் போட்டு, இரண்டு மூன்று நாளில் மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

வண்டு வரும்வரை காத்திருக்க விருப்பமில்லை என்றால் கையாலேயே செய்யலாம். பிள்ளைகள் படம் வரையும் சின்னத் தூரிகை போதும். ஆண் நிலைப் பூக்களிலிருந்து தூளை ஒரு சின்ன மூடிப் போத்தலில் தட்டி எடுங்கள். பெண் நிலைப் பூவின் இதழை விலக்கி, தூரிகையால் அந்தக் கூம்பைச் சுற்றிலும், அடியிலிருந்து நுனி வரை, ஓர் இடமும் விடாமல் தடவுங்கள். சீத்தாப் பழத்தில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு புடைப்பும் அந்தக் கூம்பில் இருந்த ஒரு சூலகம். தூள் படாத பக்கம் வளராமல் நின்றுவிடும். கடையில் ஒருபக்கம் சூம்பிக் கோணலாகக் கிடக்கும் சீத்தாப் பழங்கள் அப்படி வந்தவைதான். வெயில் ஏற முன்னர், விடிந்த கையோடு செய்யுங்கள். காற்றுக் காய்ந்தால் கூம்பின் பிசுபிசுப்பு சீக்கிரம் போய்விடும். முதல்நாள் பின்னேரம் மரத்தடியை நன்றாக நனைத்துவிட்டால் காலையில் மரத்தைச் சுற்றி ஈரப்பதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதுவும் உதவி. ஒரு சில நாட்களில் இதழ்கள் விழுந்து, காம்பு பச்சையாகவே இருந்து, அடி பருத்தால் காய் பிடித்துவிட்டது. காம்போடு சேர்த்து உதிர்ந்தால் பிடிக்கவில்லை. எல்லாப் பூவுக்கும் செய்ய வேண்டாம். மரம் சுமக்கக்கூடிய அளவுக்கு, தடித்த கொப்புகளில் உள்ள பூக்களாகப் பார்த்துத் தெரிந்தெடுங்கள்.

சீத்தாவில் பலருக்குத் தெரியாத இன்னொரு சங்கதி உண்டு. பூ பெரும்பாலும் புதுத் தளிரில்தான் வரும். அந்தத் தளிருக்கான மொட்டு மற்ற மரங்களில் போல இலைக் கக்கத்தில் வெளியே தெரியாது. இலைக்காம்பின் அடிப்பகுதிக்குள் ஒளிந்திருக்கும். ஓர் இலையைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்துப் பிய்த்துப் பாருங்கள், காம்பு இருந்த இடத்தில் மயிர் மூடிய குட்டி மொட்டு தெரியும். இலை விழுந்தால்தான் அந்த மொட்டு கண் திறக்கும். நல்ல வரட்சி வந்தால் மரம் தானே இலையைக் கொட்டிவிடும். ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றிப் பச்சையாகவே வைத்திருக்கும் வீட்டு மரம் இலையைக் கொட்டத் தயங்கும், பூவும் நேரங்கெட்ட நேரத்தில் ஒன்றிரண்டாக வரும். நான் இங்கே சொல்லிக் கொடுத்துப் பலன் கண்ட முறை இது: மாரி ஓய்ந்தபின் மாசிக் கடைசியில் அல்லது பங்குனித் தொடக்கத்தில், போன வருடத்துக் கொப்புகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள், காய்ந்ததையும் ஒன்றோடொன்று உரசுவதையும் எடுத்துவிடுங்கள், மிச்சக் கொப்புகளில் உள்ள இலைகளைக் கையால் உருவிவிடுங்கள். பிறகு கூட்டெரு போட்டுத் தண்ணீர் கட்டுங்கள். சித்திரை மழையோடு தளிரும் பூவும் சேர்ந்து வரும். கச்சான் முழு வேகத்தில் வீசத் தொடங்க முன்னர் காய் பிடித்துவிடும். பூவிலிருந்து பழம் வர ஏறக்குறைய நான்கு மாதம் பிடிக்கும், ஆக ஆவணி வாக்கில் பழம். மாரியில் முற்றும் காய்கள் மழைக்கு வெடித்துவிடும் என்பதால் இந்தக் கணக்கு இங்கே வசதியானது.

முள்ளுச்சீத்தாவுக்கு இந்த இலை உருவும் வேலையைச் செய்யாதீர்கள். அது வருடம் முழுவதும் இலையோடு நிற்கும் மரம், பூவும் முதிர்ந்த கொப்பிலும் அடிமரத்திலும் வரும். குடும்பம் ஒன்றாக இருந்தாலும் குணம் வேறு. சீத்தா வரட்சிக்குப் பழகியது, முள்ளுச்சீத்தா சூட்டை விரும்பும், ஆனால் காய்ந்த காற்றைத் தாங்காது.

இலையோரம் கருகுவதற்கு இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கிறேன். எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாடைக்காற்று வீசும் மாரி மாதங்களில், கடல் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகுகின்றனவா? அப்படியானால் கடல் திவலையில் வரும் உப்பு. ஆனி, ஆடியில் எல்லாப் பக்கத்திலும், அதுவும் முதிர்ந்த இலைகளில் நுனியிலிருந்து ஓரமாகப் பழுப்பு ஏறுகிறதா? அப்படியானால் கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பும் கச்சானும் சேர்ந்து செய்யும் வேலை. கோடையில் கிணறு வற்ற வற்ற உப்பு ஏறும்; கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் ஊற்றும் தண்ணீர் மேல் மண்ணில் ஆவியாகி, உப்பை மட்டும் அங்கே விட்டுவிட்டுப் போகும். நாக்கில் வைத்தால் உவர்ப்புத் தெரிகிற தண்ணீர் முள்ளுச்சீத்தாவுக்கு ஆகாது. நாக்குக்குத் தெரியாத அளவும் மரத்துக்குத் தெரியும், ஆகவே ஆடி மாதத்துத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துப் பரிசோதிக்கக் கொடுங்கள். மாரியில் எடுத்த தண்ணீரைச் சோதித்துப் பயனில்லை. எங்கே கொடுப்பது என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசிச் சேவையிலோ கேட்டால் சொல்வார்கள்.

பரிசோதனை முடிவு வரும்வரை செய்யக்கூடியவை இருக்கின்றன. தண்ணீரை இலையில் தெளிக்காமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். தினமும் ஒரு வாளி ஊற்றுவதை விட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வேர் ஆழம் வரை இறங்கும்படி நிறைய ஊற்றுங்கள். மரத்தைச் சுற்றிக் கொப்பு விரிந்த அகலத்துக்குச் சருகு, வைக்கோல், கிளிசீரியா இலை எது கிடைக்கிறதோ அதை நான்கு விரல் தடிப்புக்குப் போட்டு மூடுங்கள், அடிமரத்தை மட்டும் முட்டவிடாதீர்கள். மாரியில் கூரைத் தண்ணீரைப் பீலி வைத்து அந்த மரத்தடிக்குத் திருப்பினால் சேர்ந்த உப்பு கீழே கழுவுண்டு போகும், மணல் தரையில் இது நன்றாக வேலை செய்யும். காற்றுக்கு மறைப்பாகக் கடல் பக்க வேலியில் பூவரசங் கதியால் நடுங்கள். உப்புக் காற்றில் அதைப்போல் தாக்குப்பிடிக்கும் வேலி மரம் குறைவு. புதிதாக இன்னொரு முள்ளுச்சீத்தா வைப்பதாக இருந்தால், கச்சானுக்கு வீட்டுச் சுவர் மறைப்பாக நிற்கும் வடகிழக்குப் பக்கமும் கடல் பக்கம் பூவரசும் இருக்கும்படி இடம் பாருங்கள்.

இன்னொன்று, முள்ளுச்சீத்தாவின் கொப்பு எளிதில் முறியும். பழம் ஒன்று நான்கு கிலோ வரை வரும். 2020 டிசம்பர் 2ஆந் தேதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. கார்த்திகை, மார்கழியில் அப்படியான காற்று எப்போதும் வரலாம் என்று நினைத்தே மரத்தை வளர்க்க வேண்டும். புரட்டாதியில் நெட்டையாக ஓடும் கொப்புகளை வெட்டி, மரத்தை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலாக நிறுத்துங்கள். பழம் பறிக்கவும் அதுதான் வசதி.

நடும் முறையில் ஊரில் எல்லோரும் சொல்வதையே நானும் சொல்வேன்: நீளம், அகலம், ஆழம் இரண்டிரண்டு அடியில் குழி, மேல்மண்ணோடு நன்றாக உக்கிய சாணி எருவும் கூட்டெருவும். மணல் தரைக்கு நான் கூடுதலாகச் சொல்வது குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கச் சொல்வதுதான். மாரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் மெல்ல விடும். ஆனால் உங்கள் வளவில் தண்ணீர் தேங்கும் இடம் இருந்தால் அங்கே குழியே வெட்ட வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு மண் மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். சீத்தாக் குடும்பத்து மரங்களின் வேர் மேலாகவே ஓடும், தண்ணீருக்குள் நின்றால் சீக்கிரம் அழுகும். மாரி தொடங்கும் ஐப்பசியில் நடுவது மேட்டு நிலத்துக்குச் சரி. தண்ணீர் நிற்கும் காணியில் தை பிறந்தபின் நடுங்கள், முதல் கோடைக்குக் கிடுகால் மறைப்புக் கட்டிக் கொடுங்கள்.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காயின் புடைப்புகளுக்கு இடையில் பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டியிருப்பது மாப்பூச்சி. அதன் இனிப்பு நீருக்காக எறும்பும் முசுறும் அதைக் காவிக்கொண்டு திரியும், காவலும் காக்கும். ஆகவே எறும்பை நிறுத்தாமல் மாப்பூச்சிக்கு மருந்தடித்துப் பலனில்லை. அடிமரத்தில் ஒரு துணிப்பட்டி சுற்றி அதில் கிறீஸ் பூசுங்கள், நிலத்தையோ மதிலையோ தொடும் கொப்பை வெட்டுங்கள், பிறகு சவர்க்காரத் தண்ணீரைப் பீச்சிக் கழுவுங்கள். பெரும்பாலும் அதோடு அடங்கும். காயில் துளையும் அந்தத் துளையின் வாயில் எச்சத் தூளும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது, அந்தக் காயைப் பறித்து ஆழமாகப் புதையுங்கள். சுருங்கிக் கறுத்துக் கல்லாகிக் கொப்பிலேயே தொங்கும் காய்களையும் அப்படியே விடாதீர்கள். இலையைத் தின்னும் தடித்த பச்சைப் புழுவைக் கண்டால் மருந்தெடுக்க ஓட வேண்டாம். அது கறுப்பில் பச்சைப் பொட்டு வைத்த ஒரு அழகான வண்ணத்துப்பூச்சியின் புழு, நெட்டிலிங்கத்திலும் அதே புழு இருக்கும். நெட்டிலிங்கமும் மனோரஞ்சிதமும் சீத்தாவின் சொந்தக்காரர்கள்தான். அணிலுக்கும் வௌவாலுக்கும் காய் முற்றும்போது வலைப்பை கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆடு மாடு சீத்தா இலையைப் பொதுவாகக் கடிக்காது. ஆனால் கோட்டைப் பக்கத்திலிருந்து நகரத் தெருக்களில் திரியும் புள்ளிமான்களுக்கு மற்றக் கன்றுகள் நல்ல தீன், நகருக்குள் இருப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வெளிநாட்டு இனங்களைப் பற்றி இனிச் சொல்கிறேன். செரிமோயா அந்தீஸ் மலைச்சரிவின் மரம், குளிர் கேட்கும். இங்கே கன்று வளரலாம், பழம் எதிர்பார்க்காதீர்கள். அதையும் நமது சீத்தாவையும் கலப்புச் செய்து 1908இல் அமெரிக்காவின் மயாமியில் உருவாக்கியதுதான் அட்டிமோயா. சூட்டை செரிமோயாவைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் காய்ந்த காற்றில் தானாகக் காய் பிடிப்பது குறைவு, கையால் தூள் தடவ வேண்டி வரும். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அட்டிமோயாவையும் சீத்தாவையும் மீண்டும் சேர்த்து வெளியிட்ட அர்க்கா சகான் என்ற இனம் கொட்டை குறைந்தது, சதை கூடியது. திருகோணமலை வெயிலுக்கு அட்டிமோயாவைவிட இது பொருந்தும் என்று நம்புகிறேன். இது என் கணிப்பு மட்டுமே, உறுதி என்று எடுக்க வேண்டாம். ரொலினியா அமேசன் காட்டு ஈரத்துக்குப் பழகியது, உப்புவெளிக் கச்சானில் அதை வைத்து நீங்களும் கஷ்டப்பட்டு மரத்தையும் கஷ்டப்படுத்த வேண்டாம். எதுவானாலும் சென்னைக்குப் போய் வருகிறவர்களிடம் பையில் வைத்துக் கன்று கொண்டுவரச் சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் நடுகைப் பொருள் கொண்டுவர முடியாது. 2008இல் பப்பாசி மாப்பூச்சி இந்த நாட்டுக்குள் நுழைந்து எத்தனை வளவுகளில் பப்பாசியை அழித்தது என்பதைப் பார்த்தவன் என்ற முறையில் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அடுத்த வருடம் ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது.

சீத்தாக் குடும்பத்திலேயே நீங்கள் வைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. தண்ணீருக்குள் நிற்கும், ஆப்பிள் போல வழவழப்பான காய் காய்க்கும் நீர்ச்சீத்தா. வெள்ளத்தைத் தாங்கும் ஒட்டுக்கட்டை (வேறு இனத்தை மேலே ஒட்ட வைக்கும் அடிக்கன்று) என்று இணையத்தில் புகழ்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் தென்மேற்குக் கரையோரச் சதுப்பு நிலங்களை அது எப்படிப் பிடித்துக்கொண்டது என்பது எங்கள் நாட்டில் எல்லோரும் கண்ட விஷயம். மிதக்கும் விதை. கொட்டியாரக் குடாவின் கண்டல் காடுகளுக்கு அது போய்ச் சேர உங்கள் வளவு வழியாகிவிடக் கூடாது. ஒட்டுக்கட்டை வேண்டுமானால் ராமசீத்தா விதையைப் போடுங்கள். வேர் உறுதியானது, சீத்தாவின் ஒட்டு அதில் நன்றாகப் பிடிக்கும். முள்ளுச்சீத்தாவை அதன் சொந்த விதையிலிருந்தே வளர்ப்பது நல்லது.

ரம்புட்டானுக்கு மல்வானையும் மங்குஸ்தானுக்குக் களுத்துறையும் பேர்போனது அங்கே வருடம் முழுவதும் விட்டுவிட்டு மழை பெய்வதால். டுரியனும் அப்படித்தான். நான்கைந்து மாத வரட்சி உள்ள மணல் தரையில் இவற்றை வைப்பது வீண். அந்த இடத்தில் நம்பி வைக்கக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. கறுத்தக்கொழும்பான் அல்லது விலாட் மாவில் ஓர் ஒட்டுக்கன்று; மாரி முடிந்து வரும் காய்ந்த மாதங்களில் பூக்கும் மரம் என்பதால் இந்தக் காலநிலை அதற்கென்றே அமைந்தது. மாதுளை உவர்த் தண்ணீரையும் வரட்சியையும் நன்றாகத் தாங்கும். கொய்யா, தேசி, கச்சான் முகத்துக்கு இலந்தை ஒட்டுக்கன்று, வேலியோரம் கொடித்தோடை. இவற்றில் நான் முதலில் வைக்கச் சொல்வது சப்போடில்லா. காற்றையும் உப்பையும் அதைப்போல் தாங்கும் பழமரம் குறைவு. எங்கள் காட்டுப் பாலை மரம் அதன் குடும்பத்தையே சேர்ந்தது, இந்தியாவில் பாலையையே ஒட்டுக்கட்டையாக வைத்துச் சப்போடில்லா ஒட்டுகிறார்கள். 12 பேர்ச்சில் வீடு போக மிச்சமிருக்கும் இடத்துக்கு நான்கைந்து மரத்துக்கு மேல் வேண்டாம், இடைவெளி குறைந்தது 15 அடி.

பறிக்கும் பருவம் தெரியாமல் நல்ல பழத்தைக் கெடுப்பவர்கள் நிறையப் பேர். சீத்தாவில் புடைப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளம் விரிந்து, உள்ளே வெளிர்மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கினால் பறித்து வீட்டில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் கனியும். கனிய முன்னர் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுத்து, கனியாமலே போகும். முள்ளுச்சீத்தாவின் முட்கள் விலகி மெதுவாகி, கரும்பச்சை வெளிறினால் வெட்டுங்கள், தானாக விழ விட்டால் சிதறிவிடும்.

கடைசியாக அம்மாவின் விஷயம். நான் வைத்தியன் இல்லை, மரத்தைப் பற்றிப் படித்தவன் என்ற அளவில்தான் சொல்ல முடியும். முள்ளுச்சீத்தா இலை புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பரவும் செய்திக்கு ஆய்வுகூடச் சோதனைகள்தான் அடிப்படை. மனிதரில் அது நிரூபிக்கப்படவில்லை. மறுபக்கம், இந்தக் குடும்பத்து மரங்களில் அனோனாசின் என்ற நரம்பைத் தாக்கக்கூடிய பொருள் இருக்கிறது. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் வழக்கத்துக்கு மாறான பார்க்கின்சன் நோய் கூடுதலாகக் காணப்பட்டதையும், அந்த நோயாளிகள் இந்தப் பழத்தையும் இலைக் கசாயத்தையும் வழக்கமாக எடுத்து வந்ததையும் 1999இல் வெளியான ஆய்வு ஒன்று சுட்டியது. இதுதான் காரணம் என்று முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் தினமும் மாதக்கணக்கில் இலை அவித்துக் குடிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று நீங்கள் எழுதவில்லை. பிரஷருக்கோ சீனிக்கோ மருந்து எடுப்பவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கிளினிக் கொப்பியோடு போய் அவரைப் பார்க்கும் டொக்டரிடமே கேளுங்கள். இடைக்கிடை பழம் சாப்பிடுவதில் பயமில்லை, ஆனால் கொட்டை நஞ்சு. பேனுக்கென்று சீத்தாக் கொட்டையை அரைத்துத் தலையில் வைத்து, அது கண்ணில் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. அம்மாவுக்கு யூஸ் அடித்துக் கொடுப்பதானாலும் கொட்டை ஒவ்வொன்றையும் எடுத்த பிறகே பிளெண்டரில் போடுங்கள்.